பெரிய மீனின் வயது

கலிபோர்னியாவும் நெவாடாவும் பங்கிட்டுக்கொள்ளும் டாஹோ ஏரி, சியரா நெவாடா மலைமேல் 1,897 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கரையெல்லாம் பனி குவிந்து கிடக்கும் ஜனவரியிலும் இந்த ஏரி உறைவதில்லை. ஆழம் 501 மீட்டர். கோடையில் வாங்கி வைத்த வெப்பம் அவ்வளவு சீக்கிரம் தீராது. அக்கம்பக்கத்துச் சின்ன ஏரிகளில் பனிக்கட்டியைத் துளைத்துத் தூண்டில் போடுவார்கள். இங்கே விடியுமுன் படகில் கிளம்பிவிடுகிறார்கள்.

தேடிப் போவது மேக்கினா என்கிற ஏரி ட்ரவுட்டை. கோடையில் மேல்நீர் சூடேறும்போது அது ஆழத்துக்குப் போய்விடும். குளிர்காலத்தில் மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே குளிர் என்பதால், கரையோரப் பாறைத் திட்டுவரை இரை தேடி வரும். ஆனால் அதன் உடம்பே அப்போது நிதானமாகிவிடுகிறது. தின்றது செரிக்க நேரமாகும், பசி குறைவு. வேகமாக ஓடும் இரையை அது துரத்தாது. இளைஞர்கள் சுருளியைச் சரசரவென்று சுற்றிவிட்டு, மீனே இல்லை என்று சலித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: தம்பி, உன் வேகத்தை விடு, அதன் வேகத்துக்கு வா. போலி இரையை அடியில் இறக்கி, ஒரு சாண் தூக்கி, தானாகவே விழ விடு. கை மரத்துப்போகும். பரவாயில்லை, காத்திரு.

இந்த நிதானம் வெறும் தூண்டில் வித்தை இல்லை. மேக்கினா குஞ்சு வளர்ந்து முட்டையிடவே ஆறேழு வருடங்களுக்கு மேல் ஆகும். பெரிதாக ஒன்று சிக்கினால் அதற்கு இருபது, முப்பது வயதுகூட இருக்கலாம். 1974-இல் இந்த ஏரியில் ஏறத்தாழ 17 கிலோ எடையில் ஒன்று பிடிபட்டது. அந்த உடம்பு எத்தனை குளிர்காலங்களைக் கடந்து சேர்ந்தது என்பதையே நான் நினைத்துப் பார்க்கிறேன்.

மனிதர்கள் இங்கே அப்படிப் பொறுக்கவில்லை. இந்த ஏரியின் சொந்த ட்ரவுட் லஹோன்டன் கட்த்ரோட். வலைவீசி அள்ளி விற்றார்கள், அது முட்டையிடும் ஓடைகளைக் கெடுத்தார்கள், வெளியூர் மீனான மேக்கினாவையும் கொண்டுவந்து விட்டார்கள். 1930-களின் முடிவில் அந்தச் சொந்த மீன் ஏரியை விட்டே போய்விட்டது. 1944-இல் கொக்கனி வந்து சேர்ந்தது. கடலுக்கே போகாமல் நன்னீரிலேயே வாழ்ந்து, ஒருமுறை முட்டையிட்டுச் செத்துப்போகும் சால்மன் அது. பிறகு, மீன்கள் இன்னும் கொழுக்கட்டும் என்று 1963 முதல் 1965 வரை மைசிஸ் என்ற சிற்றிறாலைக் கொட்டினார்கள். அது பகலில் இருண்ட அடியாழத்தில் ஒளிந்து, இரவில்தான் மேலே வரும். கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் கொக்கனிக்கு அகப்படவே இல்லை. மாறாக, கொக்கனி நம்பியிருந்த டாஃப்னியா என்கிற மிகச்சிறு நீர்வாழ் உயிரியை அந்த இறால்களே தின்று தீர்த்தன. கொக்கனி சிறுத்துப்போனது. நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். ஏரி என்ன சொல்கிறது என்று சில வருடம் பார்த்திருக்கலாமே என்று என் மனம் இன்றும் அடித்துக்கொள்கிறது.

அதனால்தான் பேரனிடம், சின்னதை வீட்டுக்குக் கொண்டு வா, கிழட்டுப் பெரிய மீனை விட்டுவிடு என்று கேட்டுக்கொள்கிறேன். விடுவதற்கும் முறை இருக்கிறது. ஆழத்திலிருந்து மெதுவாகத் தூக்க வேண்டும். மேக்கினாவின் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு வழி உண்டு. நாம் அவகாசம் கொடுத்தால் உப்பிய காற்றை அது தானே வெளியேற்றிவிடும். மேலே வந்தபின் தாமதம் கூடாது. உறைகுளிர்க் காற்றில் செவுள் கெட்டுப்போகும், படம் எடுப்பதற்காகத் தூக்கிப் பிடிக்கக் கூடாது. கையை நனைத்துக்கொண்டு, மீன் தண்ணீருக்குள் இருக்கும்போதே தூண்டில் முள்ளைக் கழற்ற வேண்டும். கொண்டி இல்லாத முள் என்றால் அது ஒரு நொடி வேலை.