கொலையைப் பாடினர், குலத்தை மாற்றினர்

மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான் ஒருவன். கழுவிலே ஏற்றப்பட்டான் மற்றொருவன். மாடு கவர வந்த கள்வரோடு பொருது மடிந்தான் மூன்றாமவன். மதுரை வீரன், காத்தவராயன், முத்துப்பட்டன்! மூவருக்கும் இன்று கோயில் உண்டு, படையல் உண்டு, உடுக்கையும் வில்லும் முழங்க விடிய விடியப் பாடப்படும் கதையும் உண்டு. மூவரையும் இணைக்கும் இழை ஒன்றே: சாதி வேலியைத் தாண்டிய காதல்.

புராணம் என்றதும் புறந்தள்ளும் பழக்கம் நமக்கு உண்டு, தோழர்களே! நல்ல பழக்கந்தான். ஆயினும் இக்கதைப்பாடல்களை அந்தக் குப்பையோடு சேர்த்துவிடலாகாது. ஏடறியாத மக்கள் எழுதிவைக்க இயலாத வழக்குகளைப் பாட்டாக்கி வைத்திருக்கிறார்கள். கொன்றவர் கையில் இருந்தது கோல். கொலையுண்டவனின் உறவினர் கையில் இருந்ததோ உடுக்கை மட்டுமே.

பாட்டைக் கூர்ந்து கேளுங்கள், ஒரு புரட்டு புலப்படும். செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பிள்ளை மதுரை வீரன் என்று பாடுவார்கள். ஆனால் அவன் பிறந்ததோ காசி அரசனுக்காம்! கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் எறியப்பட்டானாம். எம்.ஜி.ஆர். நடித்து 1956-இல் வந்த படமும் அந்த அரச பிறப்பை விடவில்லை. காத்தவராயனுக்கோ சிவலோகத்தில் பூர்வோத்திரம் தேடித் தந்துவிட்டார்கள். சேரியிலே பிறந்தவன் வீரம் காட்டலாகாது, உயர்குலப் பெண்ணின் உள்ளத்தைக் கவரலாகாது. கவர்ந்துவிட்டால், அவன் சேரியிலே பிறந்தவனாக இருக்கலாகாது!

முத்துப்பட்டன் கதைதான் இதில் வேடிக்கை. பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்து, மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் வெளியிட்ட நூல் அது. பட்டன் பார்ப்பன இளைஞன். பொதிகை மலைப் பக்கத்தில் பொம்மக்கா, திம்மக்கா என்ற சகோதரியரைக் கண்டு மையல் கொள்கிறான். தோல் தொழில் செய்யும் அவர்களின் தந்தை வாலப்பகடை, மருமகனாக வேண்டுமானால் குடுமியை எடு, பூணூலை அறு, எங்களோடு அமர்ந்து செருப்புத் தை என்கிறார். பட்டன் மூன்றையும் செய்கிறான்! ஈரோட்டுப் பாசறையில் எழுதப்பட்ட நாடகமோ என்று ஐயுறத்தக்க காட்சி. இத்தகைய கதையிலே, அப்பெண்களும் உண்மையில் காட்டில் கிடந்த பார்ப்பனக் குழந்தைகளே என்றொரு செருகல்! அப்படியானால் குடுமி போனது எதற்கு? பூணூல் அறுந்தது எதற்கு? ஒட்டுப் போட்டவருக்கு ஊசி பிடிக்கவும் தெரியவில்லை, வாலப்பகடையிடம் பழகியிருக்கலாம். (கணவன் இறந்ததும் பெண்கள் தீப்பாய்ந்தார்கள் என்பதையும் அதே பாட்டு போற்றுகிறது. அதை நாம் போற்ற வேண்டியதில்லை.)

ஒட்டுப் போடாமலும் பாட முடியும். அமெரிக்காவில் ‘ஆல்ட் கன்ட்ரி’ என்றொரு இசை வகை உண்டு: நாட்டுப்புறப் பாட்டின் சோகமும் ராக் இசையின் முழக்கமும் சேர்ந்தது. அலபாமாவில் வளர்ந்த இருவர் 1996-இல் தொடங்கிய ‘டிரைவ்-பை டிரக்கர்ஸ்’ குழு, 2001-இல் ‘சதர்ன் ராக் ஆப்பெரா’ என்ற தொகுப்பை வெளியிட்டது. இரண்டு தட்டுகள் முழுவதும் ஒரே கதைக் கோவை. தம் தென் மாநிலங்களின் பெருமையும் சிறுமையும் அதில் பின்னிக் கிடக்கின்றன. கறுப்பின மாணவர் நுழையாதபடி 1963-இல் பல்கலைக்கழக வாயிலை மறித்து நின்ற ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் அதிலே வருகிறார். அவரை நரகத்தில் வரவேற்கிறது சாத்தான்! நரகத்தில் நமக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த உபசாரம் எனக்குப் பிடித்திருந்தது. தம் மண்ணின் இழிவை அம்மண்ணின் மைந்தரே, பெயரை மறைக்காமல் பாடினார்கள் என்பதே செய்தி.

நம்மிடம் அத்தகையோர் இல்லையா? 2018 சனவரி 6-ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சி, இசைஞர் டென்மாவின் அமைப்பு, அயோத்திதாசரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர். சாவு வீட்டுக்கு உரியவை என்று ஒதுக்கப்பட்ட கானாவும் பறையும் கித்தாரோடு தோள் உரசி நின்றன. இடஒதுக்கீட்டைப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பாடினார்கள். எனக்கு ஒரு குறை உண்டு. நான் கேட்டவரை அவை முழக்கங்கள். ஓர் இரவு முழுதும் நீளும் கதை இன்னும் வரவில்லை. 2015-இல் கோகுல்ராஜ், 2016-இல் உடுமலை சங்கர். இவர்களின் கதையை நாம் நெடும்பாட்டாகப் பாடாவிட்டால், நூறாண்டு கழித்து யாரேனும் பாடுவார்கள், காசியில் ஓர் அரண்மனையையும் தேடிக்கொடுத்து!

படப்பைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். மதுரை வீரன் கதையைச் சொன்னபோது, காசி அரசன் என்ற இடம் வந்ததும் முன்வரிசைச் சிறுவன் ஒருவன் முகம் மலர்ந்து, “அப்போ அவன் நம்ம ஆளு இல்லையா, சார்?” என்றான். பின்வரிசையில் ஒருவன் தலை குனிந்தான். இரண்டு முகங்களும் எனக்கு உறுத்தின. காசியை நீக்கிக் கதையை எழுதி வாருங்கள் என்றேன். பலர் நான் சொன்னதையே திருப்பித் தந்தார்கள். ஒரு மாணவி மட்டும் வளர்த்த தாயின் வாய்மொழியாக, பெற்றவளும் அவளேயாக, நான்கு பக்கம் எழுதியிருந்தாள். பின்வரிசைக்காரன் அதற்கு மேசையில் தாளம் போட்டு மெட்டமைத்துக்கொண்டிருக்கிறான். ஆண்டு விழாவில் பாட இடம் கேட்டிருக்கிறோம். “பார்க்கலாம்” என்று பதில் வந்திருக்கிறது.