குறுக்கெழுத்துப் புதிரிற் குறுஞ்சொற்கள்

1913 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21 ஆம் நாள் 'நியூயார்க் வேர்ல்டு' இதழில் ஆர்தர் வின் என்பார் முதற் குறுக்கெழுத்துப் புதிரை வெளியிட்டார். ஆங்கிலப் புதிர் வல்லார் மூன்றெழுத்திற் குறைந்த சொற்களைப் பெரும்பாலும் விலக்குவர். தமிழிற் புதிர் இயற்றும் யான் அவ்விதிக்கு உடன்படேன். நன்னூலார் 42 ஓரெழுத்தொருமொழிகளைக் கூறியிருக்கப் பூவையும் தீயையும் எங்ஙனம் துறப்பது?

இடர்ப்பாடு வேறிடத்துளது. 'கல்' என்பதை முதல் வரிசையில் இட்டால், லகர மெய்யினின்று கீழ்நோக்கி ஒரு சொல்லும் தொடங்காது. புள்ளியெழுத்து மொழிக்கு முதலாகாதன்றோ? 'ஆடு' இதற்கு மறுதலை. அளபெடை ஒழிய, உயிர் மொழியிடையில் வாராமையின், அக்கட்டம் இரு சொற்கும் தலையாதல் வேண்டும். கை, தீ போல்வனவே எவ்விடத்தும் இணங்குவன.

எனினும் அவற்றின் பொருட்பெருக்கம் அஞ்சத்தக்கது. ஒசூரை அடுத்த எம் சானமாவில் தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் வழங்கும். 'மா' என்பதற்கு 'மரம்' எனக் குறிப்பு வரைந்தேன். கன்னட நண்பர் ஒருவர், "எங்கட்கு அது மாவு, இரண்டு கட்டம் தருக" என்றார். ஊர்க்காட்டில் யானையைக் கண்டு மீண்ட மற்றொருவர், "விலங்கும் மாவன்றோ?" என்றார். இருவர் கூற்றும் மெய்யே. அக்கட்டத்தினின்று நெடுக்காக 'மாலை' இறங்குமாறு அமைத்துப் புதிரை அச்சுக்கு அனுப்பினேன்.