வளையம் எட்டில் நிற்கட்டும்

கரியாலூருக்கு வருகிறவர்களில் சிலர் ஏற்காட்டையும் கொடைக்கானலையும் மனதில் வைத்துக்கொண்டு வந்து, எட்டிப் பார்க்க ஒரு பள்ளத்தாக்கு முனை இல்லையே என்று சலித்துக்கொள்வதுண்டு. அந்தச் சலிப்பு நியாயமில்லாதது. கல்வராயன் மலையின் மேற்பரப்பு ஏறி இறங்கும் மேட்டுநிலம். மரவள்ளிக் கொல்லை, அதை ஒட்டி மலையாளிப் பழங்குடி மக்களின் வீடுகள், பின்னால் மரம் அடர்ந்த குன்று, எல்லாவற்றுக்கும் மேலே நகர்ந்துகொண்டே இருக்கும் மேகம் என்று இந்த ஊரின் அழகு சுற்றிலும் பரந்து கிடக்கிறது. 180 பாகை பார்க்கும் மீன்கண் லென்ஸ் இங்கே பொருந்துவது அதனால்தான். ஆட்டோஃபோகஸோ மின்தொடர்போ இல்லாத, முழுக்கக் கையால் இயக்கும் மீன்கண் லென்ஸ்கள் இப்போது எட்டக்கூடிய விலையில் கிடைக்கின்றன. சிக்கல் அவற்றின் அபெர்ச்சர் வளையத்தில் இருக்கிறது. மற்ற லென்ஸ்களில் பழகிய கை அதையும் ஓயாமல் திருப்புகிறது. கரியாலூரில் அந்த வளையத்தை எஃப் 8-இல் நிறுத்திவிட்டு, வெளிச்சத்தை ஷட்டரைக் கொண்டு சரிசெய்வதே முறை என்பது என் வாதம்.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். ஏபிஎஸ்-சி கேமராவில் 8 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து, ஏறக்குறைய 40 செ.மீ. தூரத்துக்கு ஃபோகஸ் செய்தால், 20 செ.மீ. தொடங்கி அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். முழுக்கத் திறந்து 3.5-க்குப் போனாலும், 90 செ.மீ. அருகே ஃபோகஸ் வைத்தால் 45 செ.மீ.யிலிருந்து தெளிவு. அரை முழம் ஒரு முழமாகிறது, அவ்வளவுதான். விரல்கள்போல் பிரிந்த மரவள்ளி இலையை முன்கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பாருங்கள். எட்டில் இலை நரம்பும் தெரியும், பின்னால் குன்றின் மரங்களும் தெரியும். பின்புலத்தை மங்கலாக்கத்தான் அபெர்ச்சர் என்று பழகியவர்களுக்கு இந்த லென்ஸில் அந்த வேலை அநேகமாக இல்லை. அந்த இலையின் அளவுக்கு ஏதாவது நெருங்கி வந்தால் மட்டும் வளையத்தைத் திறந்து பார்க்கலாம்.

அப்படியானால் இந்த லென்ஸின் உண்மையான சிக்கல் என்ன? வானம். நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு முழு வானமும் சுமார் 97 பாகைக் கூம்புக்குள் அடங்கிவிடும். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1906-இல் அந்தப் பார்வையைப் படமாக்கிக் காட்டி, மீன்கண் என்ற பெயரையும் வைத்தார். 1920-களில் விஞ்ஞானி ராபின் ஹில் மேகங்களைப் படம்பிடிக்கவே இப்படி ஒரு லென்ஸை வடிவமைத்தார். வானத்தை அள்ளப் பிறந்த கருவி, கரியாலூரிலும் வானத்தைத்தான் முதலில் அள்ளும். அபெர்ச்சர் பிரையாரிட்டியில் விட்டால், அந்த வெண்மேகத்தை அளந்து கேமரா ஷட்டரை வேகப்படுத்த, கொல்லையும் வீடும் கருத்துப்போகும். படம் இருண்டிருக்கிறதே என்று வளையத்தை 8-லிருந்து 4-க்குத் திறந்தாலும் பயனில்லை. கூடுதலாக வந்த வெளிச்சத்தை ஷட்டர் அதே அளவுக்குக் குறைத்துவிடும். மேனுவலுக்கு மாறி, வளையத்தை எட்டில் விட்டு, மேகத்தின் வெண்மை வெளுத்துப்போகாத எல்லைவரை ஷட்டரைத் தாழ்த்துவதே வழி. நிழலில் இருப்பதைப் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாம். வெளுத்துப்போன மேகம் திரும்ப வராது.

மூடுபனி நிமிடத்துக்கு நிமிடம் மாறும் மலையில் மேனுவல் தாமதம் என்று சொல்லலாம். ஃபோகஸும் அபெர்ச்சரும் நின்றுவிட்ட பிறகு கைக்கு மிஞ்சுவது ஒரே ஒரு டயல். இதைவிட விரைவான ஏற்பாடு எது? மரங்கள் கூடிய இருட்டில் கைநடுக்கம் படத்தைக் கெடுக்கும் என்பது நியாயமான மறுப்பு. அங்கே 4-க்குத் திறக்கத்தான் வேண்டும், ஃபோகஸையும் 90 செ.மீ.க்குத் தள்ளிவிட்டால் ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் கெடாது. மரக்கிளை விளிம்பில் சூரியனை நட்சத்திரமாக்க விரும்பினால் 11-க்கோ 16-க்கோ சுருக்கலாம். ஆறு இதழ் அபெர்ச்சரில் ஆறு கதிர், ஏழு இதழானால் பதினான்கு. முன்கண்ணாடி புடைத்து, 180 பாகை பார்க்கும் லென்ஸில் சூரியன் சட்டத்துக்குள் அடிக்கடி வந்துவிடுவதால் இந்த ஆசை இயல்பானதுதான்.

ஏற்க முடியாத ஒன்று, பெரியார் அருவியில் நீரைப் பட்டாக்க 22-க்குப் போவது. புடைத்த கண்ணாடியின் முன், வெளிச்சத்தைக் குறைக்கத் திருகும் ஃபில்டர் பொருந்தாது, அதனால் வேறு வழியில்லை என்பார்கள். 22-இல் 8 மி.மீ. லென்ஸின் துளை 0.4 மி.மீ.க்கும் கீழே. அவ்வளவு சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவி, பாறையின் வரிகள் முதல் இலையின் நரம்புவரை எல்லாம் மழுங்கிவிடும். நீருக்காக மலையையே மங்கவிடுவது எனக்கு உடன்பாடில்லை. வெயில் ஏறுமுன் முக்காலியோடு போனால், எட்டிலேயே வேண்டிய நேரம் ஷட்டரைத் திறந்து வைக்கலாம். முக்காலியின் காலும் படத்தில் விழும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.