நாய் எடுத்திருக்கலாம்

டான் பிரவுனின் ‘தி சீக்ரெட் ஆஃப் சீக்ரெட்ஸ்’ 2025 செப்டம்பரில் வந்தது. முந்தைய நாவல் வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. அதே துப்பறியும் பேராசிரியர் லாங்டன், இந்தத் தடவை பிராக் நகரம், காணாமல் போகிற ஒரு கையெழுத்துப் பிரதி. ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் போகவர அதைப் படித்து முடித்த என் அக்கா மகன், “செம மாமா, கீழ வைக்க முடியல” என்றான். அவனிடம் வாங்கிப் படித்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், பாதிப் புத்தகம் டூரிஸ்ட் கைடு, மீதி வகுப்புப் பாடம் என்று முகம் சுளித்தார். ராத்திரி இரண்டு மணிவரை விழித்திருந்து படித்ததாகச் சொன்னவரும் அவரேதான். முடிவைப் பற்றி மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து: இவ்வளவுதானா?

சதிக்கதை வாசகர் யாருக்குமே முடிவு பிடித்து நான் பார்த்ததில்லை. ஐந்நூறு பக்கம் வளர்த்த சந்தேகத்துக்கு ஈடாக எந்த விடையைத்தான் கொடுப்பது? இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர் எங்கள் பக்கத்து ஆள்தான். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ காஞ்சித் தெருவிலேயே நடக்கிற நகைச்சுவை நாடகம்.

சத்தியசோமன் என்ற கபாலி, அதாவது மண்டையோடு ஏந்தும் சைவத் துறவி; துணைக்குத் தேவசோமை. இருவருக்கும் நல்ல போதை. பிச்சை வாங்கும் மண்டையோட்டைக் காணோம். கபாலி யோசிக்கிறான்: உள்ளே சுட்ட இறைச்சி இருந்தது, ஆகவே எடுத்தது ஒன்று நாயாக இருக்கவேண்டும், அல்லது புத்த பிக்ஷுவாக இருக்கவேண்டும். விடை அங்கேயே வந்துவிட்டது. ஆனால் நாயை மடக்கி வாதம் செய்ய முடியுமா? பிக்ஷுவை மடக்கலாம்.

அந்த நேரம் பார்த்து வருகிறார் நாகசேனர். வணிகர் வீட்டு விருந்து முடித்துத் திருவோட்டை அங்கிக்குள் மறைத்துக்கொண்டு வருகிறார். அவருக்கும் ஒரு துப்பறியும் வேலை இருக்கிறது. நல்ல சாப்பாடு, நல்ல படுக்கை எல்லாவற்றையும் அனுமதித்த புத்தர், பெண்ணையும் மதுவையும் மட்டும் விலக்கியிருப்பாரா? இளைஞர்கள் மேல் பொறாமை கொண்ட கிழட்டுத் தேரர்கள்தான் அந்தப் பகுதிகளை நூலிலிருந்து நீக்கியிருக்கவேண்டும். கைபடாத மூலப்பிரதி எங்காவது கிடைக்காதா என்று ஏங்குகிறார். மதபீடம் மறைத்த உண்மை, ஒளித்துவைத்த அசல் ஏடு! 2003-இல் வந்த ‘டா வின்சி கோட்’ கோடிக்கணக்கில் விற்றது இந்தச் சரக்கைத்தான். மகேந்திரன் இதை ஒரு சாப்பாட்டு ராமன் வாயில் வைத்துவிட்டார்.

பிக்ஷு ஓட்டை வெளியே காட்டுகிறார். நிறம் வேறு, வடிவம் வேறு. கபாலி அசருவானா? மாயவித்தை தெரிந்தவர்களுக்கு நிறத்தை மாற்றுவது ஒரு பெரிய காரியமா என்கிறான். மறுக்க மறுக்க அதுவே சாட்சியாகிவிடுகிற இந்த வித்தையை இன்றைக்கும் டீக்கடையில் பார்க்கலாம். வழக்கு மன்றத்துக்குப் போகலாமென்று பாசுபத சைவர் ஒருவர் சொன்னால், விகாரைச் சொத்தால் இந்த பிக்ஷு அதிகாரிகள் வாயை அடைத்துவிடுவார், நாங்கள் ஏழைகள் என்கிறாள் தேவசோமை. எங்கள் ஜினகாஞ்சிச் சமணர்களையும் நாடகம் விடவில்லை. சமணர்களைப் பற்றிப் பேசிய நாக்கை மதுவால் கழுவவேண்டுமாம் கபாலிக்கு. ராஜாவே ஒருகாலத்தில் சமணர் என்கிறது பெரியபுராணக் கதை.

கடைசியில் ஒரு பைத்தியக்காரன் வருகிறான், கையில் மண்டையோடு. நாயிடமிருந்து பிடுங்கியதாம். யாரும் வில்லன் இல்லை, சமாதானமாகக் கலைகிறார்கள்.

ஆயிரத்து முந்நூறு வருடம் கழித்துக் கல்கி அதே காஞ்சிக்கு, அதே மகேந்திரனிடம் வந்தார். 1944 முதல் 46 வரை ‘சிவகாமியின் சபதம்’. நாகசேனர் விடுதலையான வழக்கில் நாகநந்தி மாட்டிக்கொண்டார்: புத்த பிக்ஷு, ஒற்றர், விஷக்கத்தி வேறு. பள்ளிக்கூட வயதில் அந்த மனிதரை நான் வெறுத்த வெறுப்பு கொஞ்சமில்லை. கல்கியைக் குற்றம் சொல்லவில்லை. நாய்மேல் பழியைப் போட்டால் தொடர்கதை நாலு வாரம் தாங்காது.

ஜினகாஞ்சி என்கிற எங்கள் திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் சமணக் கோயிலில், விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபம் இருக்கிறது. விதானம் முழுக்க ரிஷபதேவர் கதை, நேமிநாதர் கதை. போதாததற்குப் படங்களின் அடியில் இது இன்ன காட்சி என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். இதைவிட வெளிப்படையாக ஒரு கோயில் என்ன செய்யமுடியும்? வருகிறவர்களில் பலர் அண்ணாந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, “ஐயா, இங்கிருந்து சுரங்கப்பாதை எங்கே போகுது?” என்று கேட்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். நான் எதையோ மறைக்கிறேன் என்கிற மாதிரி ஒரு பார்வை. இப்போதெல்லாம் அடைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுகிறேன். திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு போகிறார்கள்.