இருபத்தோரு வருஷம், இரண்டு பக்கம்

என் ரெஸ்யூமே ஐந்து பக்கம் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

திருப்பூரில் 21 வருஷமாக மெர்ச்சண்டைசர் வேலை. வெளிநாட்டு பையர் ஒரு டீ-ஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து அது தூத்துக்குடியில் கப்பல் ஏறும் வரைக்கும் நூல், நிட்டிங், டையிங், பிரிண்டிங், தையல் என்று ஒவ்வொருவர் பின்னாலும் ஓடுகிறவன். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான வரியை 50 சதவீதம் ஆக்கியது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அமெரிக்க பையர். ஆர்டர் நின்றது. தீபாவளி போனஸைக் கையில் கொடுத்து, "கொஞ்ச நாள் பாத்துட்டுக் கூப்பிடறோம்" என்றார்கள். கூப்பிட மாட்டார்கள் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வயது 42. மகள் ப்ளஸ் டூ.

பழைய ஃபைலைத் திறந்து, மேலே புதிதாக ஒரு பக்கம் சேர்த்தேன். ஒவ்வொரு தடவை கம்பெனி மாறும்போதும் இதைத்தான் செய்திருக்கிறேன். பழைய வீட்டை இடிக்காமல் மேலே மேலே மாடி எடுக்கிற மாதிரி. அதைக் கோவையில் ஹெச்.ஆர். வேலை பார்க்கும் அக்கா மகளுக்கு அனுப்பினேன். ராத்திரி போன் பண்ணினாள்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. மூணாவது பக்கத்துலயே நிறுத்திட்டனுங்க."

"ஏன் கண்ணு, ஏதாச்சும் தப்பா இருக்குதா?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாமா. ஒரு வேலைக்கு எரநூறு பேர் அனுப்பறாங்க. மொத தடவை பாக்கறப்ப ஒண்ணொண்ணுக்கும் ஒரு நிமிஷங்கூட ஒதுக்க முடியாது. ரெண்டு பக்கத்துக்கு மேல போனா, இதுல எது முக்கியம்னு நாந்தான் தேடோணும். நான் தேட மாட்டேன்."

சுருக்கென்றது. நேற்று காலேஜ் முடித்த பையன் ஒரு பக்கம் எழுதுகிறான். 21 வருஷத்துக்கு அவனைவிட ஒரே ஒரு பக்கம்தான் அதிகமா? கேட்டேன். ரெஸ்யூமே என்கிற பிரெஞ்சு வார்த்தைக்கே சுருக்கியது என்றுதான் அர்த்தம் என்றாள். பேராசிரியர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் எழுதிய கட்டுரை அத்தனையும் பட்டியல் போட வேண்டும், அது பத்துப் பதினைந்து பக்கம்கூடப் போகலாம். நம்ம வேலைக்கு அது ஆகாது. ஆள் ரொம்ப சீனியராக இருந்து, சொல்ல நிஜமாகவே விஷயம் இருந்தால் மூன்றாவது பக்கம் போகலாம். "உங்களுக்கு ரெண்டு போதுமுங்க மாமா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். முதலில் போனதெல்லாம் வலிக்கவில்லை. அப்பா பெயர், திருமணம் ஆனவரா, பாஸ்போர்ட் எண், பொழுதுபோக்கு, கடைசியில் 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை' என்று உறுதிமொழி. அரைப் பக்கம் குறைந்தது.

அடுத்தது ஐந்து கம்பெனிகள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். சேம்பிள் ஃபாலோ-அப், லேப் டிப் அப்ரூவல், காஸ்டிங், புரொடக்‌ஷன் ஃபாலோ-அப், ஷிப்மெண்ட். ஐந்து கம்பெனியிலும் அதே வரிகள், அதே வரிசை. அவற்றை ஒரே இடத்தில் எழுதினால் போதும் என்று தெரிந்தபோது நிம்மதியாக இல்லை, பயமாக இருந்தது. நீக்க நீக்க ஒன்றரைப் பக்கம் காணாமல் போனது. அப்ப நான் இத்தனை வருஷமா பண்ணினது இவ்வளவுதானா? ஐந்து பக்கமும் அனுபவத்தால் நீண்டதில்லை, இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடத்தான் நீண்டிருக்கிறது.

அவளிடம் அதையும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "மாமா, அந்த எடத்துல நீங்க இல்லாம வேற ஆளு இருந்திருந்தா நடந்திருக்காதுன்னு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இருந்தது. 2011 ஜனவரியில், நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. எங்களிடம் ஆறு டன் கோரா துணி சாயம் போடாமல் கிடந்தது. குழந்தைகள் டீ-ஷர்ட், நான்கு கலர். நேரத்துக்குக் கப்பல் ஏறாவிட்டால் எங்கள் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். மொத்த லாபமும் அதில் போய்விடும். துணியை லாரியில் லூதியானாவுக்கு ஏற்றிவிட்டு நான் ரயில் ஏறினேன். ஹிந்தி தெரியாது, ஸ்வெட்டர் கிடையாது. திருப்பூர்த் தண்ணீரில் அப்ரூவல் வாங்கிய நேவி ப்ளூ, அங்கே சிவப்படித்தது. 19 நாள் அந்த டையிங் யூனிட்டிலேயே கிடந்தேன். கப்பலில்தான் போனது.

பழைய ரெஸ்யூமேயில் இதைத் தேடினேன். நான்காவது பக்கத்தின் அடியில் இருந்தது: 'வெளியூர் டையிங் யூனிட்டுகளுடன் ஒருங்கிணைப்பு.' அவ்வளவுதான். ஐந்து பக்கம் எழுதியவன் இதற்குக் கொடுத்தது நாலு வார்த்தை.

பத்து வருஷத்துக்கு முந்தைய வேலைகளுக்கு ஆளுக்கொரு வரி போதும் என்பது அவள் சொன்ன கணக்கு. பழைய மூன்று கம்பெனிகளையும் அப்படியே ஒற்றை வரியாக்கினேன். 2011க்கு மட்டும் கணக்கை மீறி முதல் பக்கத்திலேயே மூன்று வரி கொடுத்தேன். கடைசி எட்டு வருஷத்துக்கு ஒரு பக்கம்.

ஒரு விஷயத்தில் அவள் பேச்சைக் கேட்கவில்லை. டிகிரி முடித்த வருஷத்தை எடுத்துவிடலாம், வயசு தெரியாது என்றாள். பலரும் செய்கிறார்கள், குற்றமொன்றும் இல்லை. ஆனால் 2004ஐ அழித்துவிட்டுப் பார்த்தால் அந்த 2011இல் லூதியானா போனவன் யாரோ மாதிரி இருந்தது. திரும்ப டைப் பண்ணிவிட்டேன். சுருக்குவது வேறு, ஒளிப்பது வேறு. எனக்கு அந்தக் கோடு அங்கே விழுந்தது.

11 இடத்துக்கு அனுப்பினேன். இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள். ஒன்றில் வயதைக் கேட்டார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இன்னொன்றில் எதிரே இருந்தவர் தாளைத் திருப்பக்கூட இல்லை. முதல் பக்கத்தில் விரலை வைத்து, "லூதியானாவுலயா? ஷேடு எப்படிங்க மேட்ச் பண்ணுனீங்க?" என்றார்.

சொல்லி முடிக்க இருபது நிமிஷம் ஆனது. சம்பளம் இன்னும் பேசி முடியவில்லை.