ஓடாவியின் பெயர்



சென்ற விடுமுறையில் மகளைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போயிருந்தோம். அப்போது செஷயரில், கொங்கிள்டன் பக்கத்திலுள்ள லிட்டில் மோர்ட்டன் ஹோல் என்ற பழைய வீட்டையும் பார்த்தோம். சுற்றிவர அகழி, கறுப்பு மரச்சட்டங்கள், இடையில் வெள்ளைச் சுவர். 1504 அளவில் தொடங்கி 1610 வரை மோர்ட்டன் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக் கட்டியது.

பார்த்தவுடன் பயம்தான் வந்தது. அந்த வீட்டில் நேரான கோடே இல்லை. பின்னாளில் உச்சியில் 21 மீற்றர் நீளமான மண்டபம் ஒன்றை ஏற்றி, கனத்த கற்பலகைகளால் கூரை போட்டிருக்கிறார்கள். அந்தப் பாரத்தில் கீழ்மாடிகள் வளைந்து போயின. ஆனாலும் வீடு விழவில்லை.

அது ஓக் மரத்தால் ஆன வீடு. ஒரு மரத்தில் துளை போட்டு, மற்ற மரத்தின் முனையைச் செதுக்கி அதற்குள் இறக்கி, மர ஆணி அடித்து இறுக்கியிருக்கிறார்கள். பாரம் வந்தால் அந்தப் பொருத்துகள் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். இப்படியான வீடுகளில் சட்டங்களுக்கு இடையில் கம்பு பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து அப்புவார்களாம். எங்கள் உம்மம்மா காலத்து வரிச்சு வீட்டை நினைத்துக்கொண்டோம்.

முற்றத்து யன்னல்களுக்கு மேலே மரத்தில் எழுத்துகள் செதுக்கப்பட்டிருந்தன. மகள் வாசித்துச் சொன்னாள். முதலில் இறைவனின் பெயர். பிறகு, 1559இல் இந்த யன்னல்களைச் செய்வித்த வில்லியம் மோர்ட்டனின் பெயர். அதோடு, இறையருளால் இவற்றைச் செய்த தச்சர் ரிச்சர்ட் டேலின் பெயர். வீட்டுக்காரருக்குப் பக்கத்திலேயே ஓடாவிக்கும் இடம்.

அந்த இடத்தில் நாங்கள் பேசாமல் நின்றுவிட்டோம். எங்கள் வாப்பாவும் ஓடாவிதான். ஊரில் எத்தனையோ வீடுகளுக்கு நிலையும் கதவும் செய்தவர். ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. பிளேட் போட்டு வீடு கட்டியபோது, அவர் செய்த முதிரைக் கதவை நாங்களே கழற்றினோம். கந்தூரிச் சமையலுக்கு விறகாகப் போனது. அப்போது வாப்பா உயிரோடு இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மரத்தைக் கையால் ஒருமுறை தடவிவிட்டுப் போனார்.

பிள்ளைகளுக்கு எத்தனையோ அரசர்களின் பெயரைப் பாடமாக்கிக் கொடுத்திருக்கிறோம். வாப்பாவின் தொழிலை ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை.

உங்கள் வீட்டில் பழைய கதவு மிச்சமிருந்தால், செய்தவர் யார் என்று மூத்தவர்களிடம் கேளுங்கள். பெயர் தெரிந்தால் கீழே எழுதுங்கள். அவர்களுக்காக துஆச் செய்வோம்.