நான் சொல்லாமல் விட்டது

போன கோடை லீவில் நானும் எங்கள் பெரியப்பா மகன் அண்ணனும் சேர்ந்து ரிமோட்டில் பறக்கிற ஒரு விமானம் செய்தோம். கடையில் விற்கிற பொம்மை இல்லை. சாமான்களைத் தனித்தனியாக வாங்கி நாங்களே பூட்டியது. அதைப் பற்றியும், அதில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும் எழுதுகிறேன்.

அண்ணன் டவுனில் இன்ஜினியரிங் படிக்கிறார். ரிமோட் அவருடைய நண்பர் இரவல் கொடுத்தது. மற்றதுக்கெல்லாம் பெரியம்மாதான் பணம் கொடுத்தாங்க. சொசைட்டிக்குப் பால் ஊற்றிச் சேர்த்த பணம். "பாத்து செலவு பண்ணுங்க" என்று மட்டும் சொன்னாங்க. கணக்கு நோட்டு எழுதுவது என் வேலை.

அண்ணனுக்கு 2200 கே.வி. மோட்டார் மேல் ஆசை. இந்த கே.வி. என்பது கிலோவோல்ட் இல்லை. சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்ற கணக்கு. அது கூடினால் வேகமாகச் சுற்றும், ஆனால் சின்ன புரொப்பெல்லர்தான் போடலாம். குறைந்தால் பெரிய புரொப்பெல்லரை நிதானமாகச் சுற்றும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நிதானமாகப் பறப்பதுதான் நல்லது. அதனால் 1000 கே.வி. மோட்டாரும் 10 அங்குல புரொப்பெல்லரும் என்று முடிவானது.

கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா, "மோட்டார் மட்டும் இருந்தா ஆச்சா? போருக்கு மோட்டார் எறக்கும்போது ஒயர் தாங்குமா, ஸ்டார்ட்டர் தாங்குமான்னு பாக்க வேணாமா?" என்றார். விமானத்துக்கும் அதே கணக்குதான்! எங்கள் மோட்டார் முழு வேகத்தில் 15 ஆம்பியர் வரை இழுக்கும். அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற இ.எஸ்.சி. 30 ஆம்பியர் தாங்குவதாக வாங்கினோம். பேட்டரி 11.1 வோல்ட் லிப்போ, 2200 எம்.ஏ.எச்., 25 சி. அதாவது 2.2 ஐ 25 ஆல் பெருக்கினால் 55 ஆம்பியர் வரை கொடுக்கும். மூன்றும் பொருந்தியது. வால் பகுதியை அசைக்க 9 கிராம் எடையுள்ள சர்வோ மோட்டார் இரண்டு.

உடம்பும் இறக்கையும் ஃபோம் ஷீட்டில் வெட்டினோம். முதல் தடவை மோட்டார் தலைகீழாகச் சுற்றியது. பெரியப்பா, "மூணு ஒயர்ல ரெண்ட மாத்திக் குடு" என்றார். மாற்றினோம், சரியாகிவிட்டது. பம்புசெட்டு அறிவு விமானத்துக்கும் உதவுகிறது.

எல்லாம் பூட்டி எடை போட்டால் 600 கிராம். அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு வாங்கி வந்த சுருள்வில் தராசை வாலில் கட்டி, மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்தோம். 7.5 நியூட்டன் காட்டியது. அது சுமார் 765 கிராம் எடைக்குச் சமம். எடையைவிட இழுவிசை கூட இருந்ததால் தைரியம் வந்தது. புரொப்பெல்லர் விரலை வெட்டிவிடும் என்பதால் பின்னால்தான் நின்றோம்.

அடுத்தது ஈர்ப்பு மையம். இறக்கையின் அகலம் 20 செ.மீ. முன் விளிம்பிலிருந்து நாலில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் எடை சமமாக நிற்க வேண்டும். 6 செ.மீ.யில் கோடு போட்டு, இரண்டு விரலால் தாங்கிப் பார்த்தேன். வால் தாழ்ந்தது. பேட்டரியை முன்னால் நகர்த்தியதும் தராசு முள் மாதிரி நேராக நின்றது.

பறக்கவிட இருந்ததற்கு முந்தின ராத்திரி ஒரு சர்வோ நடுங்கியது. அண்ணன் வேறு சர்வோ மாற்றினார். அதில்தான் வினை.

மறுநாள் காலை, காற்று கிளம்பும் முன்னால், தண்ணீர் வற்றிய ஏரிக்குப் போனோம். அண்ணனின் கல்லூரி நண்பர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். விமானத்தைக் கையில் பிடித்து வீசுவது நான். அண்ணன் ரிமோட் குச்சியை ஆட்டிப் பார்த்தார். குச்சியைத் தன் பக்கம் இழுத்தால் வாலில் உள்ள மடக்கு மேலே தூக்க வேண்டும். அப்போதுதான் மூக்கு மேலே ஏறும். "இழுத்தால் மேலே" என்று நோட்டில் எழுதியதே நான்தான். ஆனால் அன்றைக்கு அவர் இழுத்தபோது மடக்கு கீழே போனது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

சொல்ல வாய் வரவில்லை. அண்ணன் இன்ஜினியரிங் படிக்கிறார், இத்தனை அண்ணன்மார் நிற்கிறார்கள், அவங்களுக்குத் தெரியாததா, தப்பாகச் சொல்லிவிட்டால் சிரிப்பார்களே என்று நினைத்தேன். "வீசு பாப்பா" என்றார். வீசினேன்.

மூன்று விநாடிதான். மூக்கு தாழ்ந்தது, அண்ணன் குச்சியை இழுத்தார், அது இன்னும் வேகமாகத் தரையில் குத்தியது. புரொப்பெல்லர் உடைந்தது. இறக்கை இரண்டாக ஒடிந்தது. அடிபட்ட லிப்போ பேட்டரி தீப்பிடிக்கலாம் என்பதால் அதைக் கழற்றி மணலில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பெரியம்மா முகமே ஞாபகம் வந்தது.

ராத்திரி அண்ணனிடம் உண்மையைச் சொல்லி அழுதேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பாக்க வேண்டியது நான். ஆனா பாத்தது நீ. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

புது சர்வோவின் கை எதிர்ப்பக்கம் இருந்ததுதான் காரணம். ரிமோட்டில் "ரிவர்ஸ்" என்று ஒரு அமைப்பு இருக்கிறது. மாற்ற ஒரு நிமிஷம் ஆகவில்லை.

இறக்கையைப் பசை போட்டு, மூங்கில் குச்சி வைத்து ஒட்டினோம். எடையும் மையமும் மறுபடி பார்த்தோம். பத்து நாள் கழித்து அதே ஏரி. இந்தத் தடவை வீசும் முன்னால் நான் சத்தமாகச் சொன்னேன்: "அண்ணே, இழுங்க... மேலே, சரி. தள்ளுங்க... கீழே, சரி. வலது... சரி. இடது... சரி." அண்ணன் நான் சொன்னபடி செய்தார். யாரும் சிரிக்கவில்லை. விமானம் நாலு நிமிஷம் பறந்தது! பெரியம்மா கரையில் நின்று முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாங்க.

ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17 அன்று முதலில் பறந்தது 12 விநாடிதான் என்று பாடத்தில் படித்தோம். அதனால் எங்கள் மூன்று விநாடிக்கு நான் இப்போது வெட்கப்படவில்லை. பார்த்ததைச் சொல்லாமல் நின்றதற்குத்தான் வெட்கப்படுகிறேன். வகுப்பில் போர்டில் கணக்கு தப்பாக இருந்தாலும் இப்போது எழுந்து கேட்டுவிடுகிறேன். சில சமயம் நான்தான் தப்பாக இருக்கிறேன். பரவாயில்லை.

நோட்டு என்னிடம் இருக்கிறது. பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கேளுங்கள். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி